சக்கரம் தொட்ட பிறகு

வளைந்த புரொப்பெல்லர் பொய் சொல்லாது என்பார்கள் ஹேங்கரில் பழைய ஆட்கள். இதழ்களின் நுனி முன்பக்கமாகச் சுருண்டிருந்தால், எஞ்சின் நல்ல பலத்தோடு இழுத்துக்கொண்டிருந்தபோது தரையில் அடித்திருக்கிறது. பின்பக்கமாக மடிந்திருந்தால் விமானி திராட்டிலை மூடியிருந்தார். ஒவ்வொரு முறையும் இப்படித்தான் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் நான் கழற்றிய புரொப்பெல்லர்களில் பெரும்பாலானவை இந்தக் கணக்குக்குள்தான் அடங்கின.

நான் பிறந்தது ஆரல்வாய்மொழிப் பக்கம். சென்னையில் விமானப் பராமரிப்புப் படித்தேன், மீனம்பாக்கத்தில் கொஞ்ச காலம் வேலை பார்த்தேன், பிறகு ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரைக்கு, பெர்த் நகருக்குக் குடிவந்தேன். நகரத்தின் தெற்கில் உள்ள ஜண்டகாட் 1963 முதல் இயங்கும் சிறு விமான நிலையம். பெரிய ஜெட் எதுவும் வராது. பயிற்சிப் பள்ளிகளும் பழுது பார்க்கும் பட்டறைகளும் நிறைந்த இடம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தன் வருங்கால விமானிகளை இங்கேதான் பறக்கப் பழக்கியது. விடிந்தால் செஸ்னாக்களும் பைப்பர்களும் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கும். அவற்றில் ஏதாவது ஒன்று கோணல்மாணலாக இறங்கும். அது எங்கள் பட்டறைக்கு வரும்.

எங்களிடம் வந்த இறங்கும் விபத்துகளில் அநேகமாக யாருக்கும் ஒரு கீறல்கூட இருக்காது. அதனால் செய்தியில் வராது, ஊரில் யாருக்கும் தெரியாது. சிறு விமான விபத்துகளிலேயே அதிகம் நடப்பது இறங்கும்போதுதான், ஆட்களைக் குறைவாகக் கொல்வதும் அதுதான். விமானத்தின் கதை வேறு. செஸ்னா 172-இன் மூக்குச் சக்கரக் கால், எஞ்சினுக்கும் ஆள் உட்காரும் அறைக்கும் நடுவில் உள்ள ஃபயர்வால் தகட்டில் பிணைக்கப்பட்டிருக்கிறது. பின் சக்கரங்கள் இரண்டும் வலுவான வில்லெஃகுக் கால்கள், எவ்வளவு அடித்தாலும் தாங்கும். மூக்குச் சக்கரம் அப்படி அல்ல. அது முதலில் தரையில் குத்தினால் ஃபயர்வாலில் சுருக்கம் விழும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. காலடித் தரைவிரிப்பைத் தூக்கிவிட்டு, மிதிகளுக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். ஒன்றும் நடக்காததுபோலச் சாவியை மாட்டிவிட்டுப் போன வாடகைக்காரர்கள் உண்டு. அடுத்த நூறு மணி நேரச் சோதனையில்தான் அந்தச் சுருக்கம் எங்கள் கண்ணில் படும்.

இந்த வேலைகள் கோடையில் குவியும். காரணம் டாக்டர்.

பெர்த்தில் கோடைக் காலையில் காற்று கிழக்கிலிருந்து, உள்நாட்டுப் பாலையின் சூட்டைச் சுமந்துகொண்டு வரும். நண்பகல் தாண்டியதும் தரை கொதிக்கும், கடல் குளிர்ந்தே கிடக்கும். அப்போது தென்மேற்கிலிருந்து கடற்காற்று கிளம்பி ஊருக்குள் நுழையும். ஃப்ரீமாண்டில் துறைமுகப் பக்கமிருந்து வந்து புழுக்கத்தைப் போக்குவதால் அதற்கு ‘ஃப்ரீமாண்டில் டாக்டர்’ என்று பெயர். 1987-இல் அமெரிக்காஸ் கப் பாய்மரப் படகுப் போட்டி அங்கே நடந்தபோது உலகம் முழுக்கத் தொலைக்காட்சியில் பார்த்தது அந்தக் காற்றைத்தான். ஊர்க்காரர்கள் சன்னலைத் திறந்து வைத்து அதற்காகக் காத்திருப்பார்கள். நாங்கள் வெளியே நிற்கும் விமானங்களின் கயிறுகளை இழுத்துக் கட்டுவோம்.

ஜண்டகாட்டின் முக்கிய ஓடுபாதைகள் தென்மேற்கைப் பார்த்தே போடப்பட்டவை, எனவே அங்கே டாக்டர் பெரும்பாலும் விமானத்தின் முகத்துக்கு நேராக வரும். தொந்தரவு கடலுக்கு அந்தப் பக்கம். ஃப்ரீமாண்டிலிலிருந்து சுமார் 19 கிலோமீட்டர் தள்ளி ரோட்னெஸ்ட் தீவு இருக்கிறது. 1696-இல் டச்சு மாலுமி வில்லெம் டி விளாமிங் அங்கே குவோக்கா என்ற சிறு கங்காரு இனத்தைக் கண்டு பெரிய எலி என்று நினைத்துப் பெயர் வைத்தார். அதற்கு வெகுகாலம் முன்பே நூங்கார் மக்கள் அதை வாட்ஜமப் என்று அழைத்தார்கள். பின்னாளில் அந்த மக்களையே சிறை வைத்த தீவு அது. விடுமுறைக் கூட்டத்தில் இதை நினைப்பவர்கள் குறைவு. தீவில் ஒரே ஓடுபாதை, கிழக்கு மேற்காக, 09 என்றும் 27 என்றும் எண் எழுதியது. திசைகாட்டியில் 90 பாகை, 270 பாகை. அதன் விலாவில் வந்து மோதும் டாக்டர்.

அது ஒரு ஜனவரி சனிக்கிழமை. தீவில் இறங்கிய ஒரு பைப்பருக்கு டயர் பஞ்சர். வந்திருந்த குடும்பம் சாயங்காலத்துக்குள் திரும்ப வேண்டும். பயிற்சிப் பள்ளி ஒன்றில் ஆசிரியராக இருந்த இளைஞன் ஒரு செஸ்னா 172-இல் என்னைக் கொண்டுபோய் விடுவதாக ஏற்பாடு. மலேசியாவில் கிள்ளானில் பிறந்த தமிழ்ப் பையன். வேறு யாரிடமும் ஆங்கிலம்தான், என்னிடம் மட்டும் தமிழ். நான் அவனைத் தம்பி என்றுதான் கூப்பிடுவேன். ஆசிரியர் உரிமம் வாங்கி அதிக காலம் ஆகவில்லை என்றாலும் கவனமான ஆள். மேலே போவதற்கு முன் விமானத்தைச் சுற்றிப் பார்க்கும் விதத்திலேயே அது தெரியும். டயர், டியூப், ஜாக்கி, கருவிப்பெட்டி எல்லாவற்றையும் பின்னிருக்கையில் வைத்து வலை போட்டு நானே கட்டினேன். அவன் வந்து வலையை ஒருமுறை இழுத்துப் பார்த்தான்.

“அண்ணே, காத்து கொஞ்சம் பலமாதான் இருக்கு லா. ரெண்டு வாட்டி பாப்பேன். சரியா வரலன்னா திரும்பிருவோம்.”

“வந்தா வரட்டும், வராட்டி அந்தக் குடும்பம் கப்பல்ல போகட்டும்,” என்றேன்.

இடுப்பில் உயிர்காப்பு உறையைக் கட்டிக்கொண்டோம். எஞ்சின் நின்றால் மிதந்துபோய்த் தரையை எட்ட முடியாத தூரத்துக்குக் கடல்மேல் போகிற ஒற்றை எஞ்சின் விமானத்தில் அது கட்டாயம். பதினைந்து நிமிடப் பயணம். ஃப்ரீமாண்டில் துறைமுகத்தைத் தாண்டியதும் கீழே அலைகளின் தலை வெளுத்திருந்தது. இவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தே வெளுப்புத் தெரிந்தால் காற்றைப் பற்றி வேறு யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை.

தீவில் கட்டுப்பாட்டுக் கோபுரம் கிடையாது. வருகிறவர்கள் எல்லாரும் ஒரே அலைவரிசையில் தாங்கள் எங்கே இருக்கிறோம் என்று தாங்களே சொல்லிக்கொள்வார்கள். முன்னால் இறங்கியிருந்த ஒருவர் சொன்ன காற்றின் நிலவரம்: 210 பாகை, 18 நாட், கஸ்ட் என்கிற திடீர் வீச்சில் 26. தம்பி முழங்காலில் கட்டியிருந்த தாளில் குறித்துக்கொண்டான். ஓடுபாதைக்கும் காற்றுக்கும் இடையே 60 பாகை. அப்படியென்றால் காற்றின் பெரும்பகுதி பக்கவாட்டில்தான். பதினாறு நாட் அளவுக்குக் குறுக்குக்காற்று, கஸ்ட் வரும்போது இருபத்திரண்டுக்கு மேல்.

செஸ்னா 172-இன் கையேட்டில் குறுக்குக்காற்றுக்கு எதிரே 15 நாட் என்று இருக்கும். இந்த எண்ணைச் சுற்றி விமானிகளின் அறையில் நடக்கும் சண்டைக்கு முடிவே கிடையாது. சிலர் அதைத் தாண்டினால் சட்டவிரோதம் என்பார்கள். சிலர் அது வெறும் எண் என்று கையை உதறுவார்கள். உண்மையில் அது சோதனை ஓட்டத்தில் செய்துகாட்டப்பட்ட அளவு. விமானம் எந்த வேகத்துக்குக் கீழ் பறக்க முடியாமல் விழுமோ அதில் ஐந்தில் ஒரு பங்கு குறுக்குக்காற்றைச் சமாளித்துக் காட்ட வேண்டும் என்பதுதான் பழைய அமெரிக்க விதி. இந்த விமானத்துக்கு அது சுமார் 10 நாட்தான் வரும். சோதனை விமானி 15-இல் இறக்கிக் காட்டினார், அதை எழுதி வைத்தார்கள். அதற்கு மேல் முடியாது என்று யாரும் சொல்லவில்லை. முடியும் என்றும் சொல்லவில்லை. ஆனால் இறக்கியவர் சோதனை விமானி என்பதை இந்தச் சண்டையில் யாரும் ஞாபகப்படுத்துவதில்லை.

எனக்கு அந்த 15-ஐவிட, 18-க்கும் 26-க்கும் நடுவிலிருக்கும் எட்டுதான் பயம். என் அத்தான் முப்பந்தலில் காற்றாலைப் பராமரிப்பில் காலத்தைக் கழித்தவர். அவர் ஒருமுறை சொன்னார்: “காத்து அடிக்கது தொந்தரவே இல்ல மாப்ள. அடிச்சிட்டு நிக்கும், நின்னுட்டு அடிக்கும். கியர்பாக்ஸு அதுலதான் போவுது.” விமானத்துக்கும் அதே நோய்தான். ஒரே சீராக இருபது நாட் குறுக்குக்காற்று அடித்தால் கைக்கு ஒரு நிலை கிடைக்கும், அதிலேயே பிடித்துக்கொண்டு இறங்கிவிடலாம். கஸ்ட் அந்த நிலையை விநாடிக்கு விநாடி மாற்றும். தீவில் அது இன்னும் மோசம். தெற்கே மணல்மேடுகளும் குட்டை மரங்களும் இருக்கின்றன. கடலில் சமமாக வந்த காற்று அவற்றில் இடறிப் புரண்டு ஓடுபாதைக்கு வரும். உயரத்தில் அமைதியாக இருந்த விமானம் கடைசி ஐம்பது அடியில் குலுங்குவது அதனால்தான்.

முதல் முறை கிழக்கிலிருந்து 27-ஐ நோக்கி வந்தோம். தாமிரபரணியில் வெள்ளம் போகும்போது தோணிக்காரர் எதிர்க்கரைப் படித்துறையைப் பார்த்து நேராகத் துடுப்புப் போடமாட்டார். மேல்போக்காக மூக்கைத் திருப்பிவிட்டுத்தான் போவார், தோணி பக்கவாட்டில் வழுகிப் படித்துறைக்கே வந்து சேரும். இதுவும் அதே வித்தைதான். மூக்கு இடதுபுறம் காற்றைப் பார்த்திருக்க, விமானம் ஓடுபாதையின் நடுக்கோட்டில் வந்தது. ஓடுபாதையை முன்கண்ணாடியில் அல்ல, என் பக்கத்துச் சன்னலோரமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். தோணிக்கு இல்லாத ஒரு சிக்கல் விமானத்துக்கு உண்டு. இந்தக் கோணலோடு தொட்டால் சக்கரம் பக்கவாட்டில் இழுபடும். எனவே தொடுவதற்குச் சற்று முன்னால் வலது ரடரை மிதித்து மூக்கை நேராக்க வேண்டும், அதே நேரம் கைச்சக்கரத்தை இடதுபுறம் திருப்பி இடது இறக்கையைக் காற்றுக்குள் தாழ்த்த வேண்டும். இல்லாவிட்டால் காற்று விமானத்தை வலப்பக்கம் தள்ளிக்கொண்டு போய்விடும். கையும் காலும் எதிரெதிராக வேலை செய்ய வேண்டும். மாணவர்களுக்கு இது வசப்பட நாளாகும்.

தம்பி கஸ்டுக்காக வழக்கமான வேகத்தோடு சில நாட் கூட்டியிருந்தான், ஃபிளாப்பையும் முழுசாக இறக்கவில்லை. இரண்டும் சரி. தரைக்கு மேலே ஓர் ஆள் உயரத்தில் இருந்தபோது ஒரு கஸ்ட் எங்களைத் தூக்கி வலப்புறம் ஓரத்துக்குக் கொண்டுபோனது. அவன் யோசிக்கவே இல்லை. திராட்டிலை முழுக்கத் தள்ளி மேலே ஏற்றினான். அழகான கோ-அரவுண்ட். கீழே விமானங்கள் நிறுத்தும் இடத்தில் ஐந்தாறு பேர் நின்று கையை நெற்றியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பஞ்சரான பைப்பரின் குடும்பமாக இருக்க வேண்டும்.

இரண்டாவது முறை எல்லாம் பொருந்தி வந்தது. இடது இறக்கை தாழ்ந்திருந்தது, மூக்கு நேராக இருந்தது, இடது சக்கரம் முதலில் தொட்டது. ஒரு சின்னக் கீச்சொலி. பிறகு வலது சக்கரம், பிறகு மூக்கு. நான் பார்த்த நல்ல குறுக்குக்காற்று இறக்கங்களில் அதுவும் ஒன்று. இதை இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் வந்த எந்த அறிக்கையிலும் இது இல்லை.

தம்பி நெஞ்சிலிருந்து மூச்சை விட்டான். ஹெட்செட்டில் கேட்டது.

செஸ்னாவில் இரண்டு கைச்சக்கரங்கள் உண்டு. இடது இருக்கைக்கு ஒன்று, வலது இருக்கைக்கு ஒன்று. ஒன்று அசைந்தால் மற்றதும் அசையும். நான் எதையும் தொடாமல் கைகளை மடியில் வைத்திருந்தேன். தரையில் இறங்குமட்டும் என் எதிரே இருந்த சக்கரம் நன்றாக இடப்பக்கம் திரும்பியே இருந்தது, அதன் இடதுகொம்பு கிட்டத்தட்ட என் முழங்காலருகே. அந்த மூச்சோடு சேர்ந்து அது மெதுவாகத் திரும்பி வந்து சமநிலையில் நின்றது. யாரோ மேசையில் சாய்ந்த ஒரு படத்தை நேராக்குவதுபோல அல்ல, அவ்வளவு கவனம்கூட அதில் இல்லை. பிடி தளர்ந்தது, அவ்வளவுதான்.

சரியாகச் செய்திருந்தால் அது இடப்பக்கமே இன்னும் போயிருக்க வேண்டும். வேகம் குறையக் குறைய இறக்கை முனைகளில் உள்ள எய்லரான்களுக்குப் பிடிப்புக் குறைகிறது. அதே காற்றைத் தடுக்க இன்னும் அதிகமாகத் திருப்ப வேண்டும், கடைசியில் முழுசாக இடது பக்கம் மடங்கியிருக்க வேண்டும். விமானம் தரையைத் தொட்டதும் வண்டி ஆகிவிடாது. ஐம்பது நாட் வேகத்தில் இறக்கைகள் இன்னும் எடையில் ஒரு பங்கைத் தூக்கிக்கொண்டுதான் இருக்கின்றன. சக்கரங்களில் விழும் கனம் சொற்பம், பிரேக் பிடித்தால் வழுக்கும். பறப்பதற்கும் முழுசாகப் பலமில்லை, உருள்வதற்கும் முழுசாகப் பிடிப்பில்லை என்ற ஒரு நடுநேரம் அது. எங்கள் பட்டறைக்கு வரும் விமானங்கள் பலவும் உடைவது அந்த நேரத்தில்தான். காற்றில் பறக்கும்போது அல்ல, தொடும்போதுகூட அல்ல.

கஸ்ட் வந்தது. இடது இறக்கை எழும்பியது. தம்பியின் தலைக்கு அப்பால் சன்னலில் இருந்த அடிவானம் காணாமல் போய் வெறும் வானம் தெரிந்தது. மூக்கு இடப்பக்கம், காற்றை நோக்கித் திரும்பியது. சக்கரங்களுக்குப் பின்னால் நீண்டிருக்கும் உடலும் வால் தகடும் காற்றை அதிகம் வாங்கும், வால் ஒரு பக்கம் தள்ளப்பட மூக்கு மறுபக்கம் போகும். என் காலடியில் வலது மிதி சரேலென்று உள்ளே போனதைக் கண்டேன். அவன் மிதித்துவிட்டான். தாமதமில்லை, ஆனால் போதவும் இல்லை. விமானம் இடப்பக்கம் வளைய, அதன் கனம் வலப்பக்கம் சாய, காற்று இடது இறக்கையை நெம்ப, மூன்றும் ஒரே திசையில் சேர்ந்துகொண்டன. வலது இறக்கை நுனி தாரில் உரசியது. என் சன்னலுக்கு வெளியே அந்தச் சத்தம். பிறகு தார் முடிந்து மணல். மூக்குச் சக்கரம் மணலில் புதைந்து கால் மடங்கியது. புரொப்பெல்லர் அடித்தது. இரண்டு முறையா மூன்று முறையா என்று சொல்ல முடியாது. எஞ்சின் நின்றது. வால் மேலே தூக்கி நின்றுகொண்டிருந்தது, நாங்கள் இருவரும் பெல்ட்டில் தொங்கி முன்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்புறம் அவன் செய்தது எல்லாம் பாடப்புத்தகம். மிக்ஸ்சரை இழுத்தான், எரிபொருள் வால்வை மூடினான், மின்சாரத்தை அணைக்கும் முன் வானொலியில் ஓடுபாதை அடைபட்டிருக்கிறது என்று ஒரே வாக்கியத்தில் சொன்னான். “அண்ணே, எறங்குங்க. காத்து வர்ற பக்கம் போங்க.” பெட்ரோல் டாங்க் இறக்கைக்குள் தலைக்கு மேலே இருக்கிற விமானம் இது. ஒழுகினால் காற்றின் போக்கில் நிற்கக் கூடாது. இருவரும் தெற்கே ஓடிப்போய் நின்றோம். எதுவும் ஒழுகவில்லை. அவன் தொடைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. எனக்கும்தான், ஆனால் அதை நான் உட்கார்ந்த பிறகுதான் கவனித்தேன்.

தீவின் வனக்காவலர்கள் வண்டியில் வந்தார்கள். ஒரே ஓடுபாதை, அதன் ஓரத்தில் எங்கள் விமானம் வாலைத் தூக்கிக்கொண்டு கிடந்தது. மேலே இரண்டு விமானங்கள் வட்டமடித்துவிட்டுப் பெருநிலத்துக்குத் திரும்பின. சட்டப்படி இப்படி உடைந்த விமானத்தைப் போக்குவரத்துப் பாதுகாப்புப் பணியகத்தின் அனுமதி இல்லாமல் அசைக்கக் கூடாது. தம்பி அவர்களைத் தொலைபேசியில் பிடித்தான். யாருக்கும் காயமில்லாத சின்ன விமானம் என்பதால் நேரில் யாரும் வரவில்லை. படங்கள் எடுத்துக்கொண்டு நகர்த்தலாம் என்றார்கள். எழுத்தில் அறிக்கை 72 மணி நேரத்துக்குள் வேண்டும்.

வாலை அழுத்தி மணல்மூட்டை வைத்து, மூக்கைத் தூக்கி ஒரு தள்ளுவண்டியில் ஏற்றி, மெல்ல ஓரங்கட்டும்போது பொழுது சாய்ந்துவிட்டது. கூட்டத்தில் நின்ற குடும்பத் தலைவர் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார். டயரைப் பற்றிக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. நானே போய் அந்த டயரை மாற்றினேன். அவர் அன்று பறக்கவில்லை, மறுநாள் அதிகாலை காற்று எழுமுன் போனார். ஒரு குவோக்கா வந்து கருவிப்பெட்டியை முகர்ந்து பார்த்துவிட்டுப் போனது. அதைத் தொட்டால் அபராதம் என்று காவலர் ஒருவர் எனக்கு நினைவூட்டினார். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வந்த ஒரே இடம் அது.

கடைசிப் படகில் ஃப்ரீமாண்டிலுக்குத் திரும்பினோம். காற்று அப்போதும் நிற்கவில்லை. படகின் பின்தளத்தில் வைத்துத் தம்பி கேட்டான்.

“என்னண்ணே ஆச்சு? நல்லாத்தானே எறங்குச்சு.”

“நல்லாத்தான் எறங்குச்சு. எறங்கினப்புறம் நீ வீலை நேராக்கிட்டே.”

அவன் என்னைப் பார்த்தான். “இல்லண்ணே. பிடிச்சிருந்தேன்.”

“என் முன்னாடி இருந்த வீலு நேரா வந்துச்சு தம்பி. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்.”

அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்கு உண்மையிலேயே அப்படித்தான் நினைவு. ஓடுபாதையிலிருந்து விலகியதும் திராட்டிலைத் தள்ளி மேலே போக முயன்றதாகவும் சொன்னான். எனக்கு எஞ்சின் சத்தம் ஏறியதாக நினைவில்லை. ஆனால் இறக்கை தாரில் உரசும் சத்தத்தில் என் காது வேறு எதையும் வாங்கியிருக்குமா என்று கேட்டால் பதில் இல்லை. நான்கைந்து விநாடி. இரண்டு பேர், தோளோடு தோள் உட்கார்ந்திருந்தோம். நினைவு இரண்டு.

அந்த வாரத்தில் ஓர் அறிக்கையைத் தேடிப் படித்தேன். 2008 மார்ச் 1 அன்று ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் புயற்காற்றில் இறங்க வந்த ஓர் ஏர்பஸ் ஏ320-இன் இடது இறக்கை நுனி ஓடுபாதையில் உரசியது. விமானிகள் மேலே ஏற்றி வேறு ஓடுபாதையில் பத்திரமாக இறக்கினார்கள். அந்தக் காணொளியைப் பார்க்காதவர்கள் குறைவு. விசாரித்தவர்கள் கண்டறிந்த ஒன்று என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. இடது சக்கரம் தரையைத் தொட்ட கணத்தில் விமானத்தின் கணினி தரைக்கு வந்தாயிற்று என்று முடிவுகட்டி, பக்கவாட்டுச் சாய்வைத் திருத்தும் எய்லரான்களின் அசைவைப் பாதி அளவுக்குக் குறைத்துவிட்டது. விமானமோ இன்னும் பறந்துகொண்டிருந்தது. அந்தக் கணினிக்கும் கிள்ளான் பையனுக்கும் அதே நினைப்பு. அதே அறிக்கையில், செய்துகாட்டப்பட்ட குறுக்குக்காற்று அளவு என்பது எல்லையா வழிகாட்டியா என்பதில் விமானிகளுக்கே தெளிவு இல்லை என்றும் எழுதியிருந்தார்கள். ஏ320-க்கு அந்த அளவு 33 நாட், கஸ்ட் சேர்த்து 38. எங்கள் விமானிகள் அறைச் சண்டை பெரிய இடங்களிலும் நடக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

எங்கள் செஸ்னாவின் இறக்கைகளைக் கழற்றிச் சரக்குப் படகில் ஏற்றிக் கொண்டுவந்தோம். காப்பீட்டு மதிப்பீட்டாளர் வந்து சுற்றிப் பார்த்தார். நசுங்கிய ஃபயர்வால், வலது இறக்கை முனை, புரொப்பெல்லர், எஞ்சின் எல்லாம் சேர்த்தால் விமானத்தின் விலையைத் தாண்டும். ‘சேதம் முழுமை’ என்று எழுதிவிட்டுப் போனார். என்னிடம் அவர் கேட்டது ஒரே கேள்வி, பின்னிருக்கைச் சாமான்கள் கட்டப்பட்டிருந்தனவா என்று.

விமானம் போனாலும் எஞ்சினை விற்கலாம். அதற்கு அதைப் பிரித்துப் பார்த்தாக வேண்டும். புரொப்பெல்லர் தரையில் அடித்த லைக்கமிங் எஞ்சினின் கிராங்க் தண்டின் பின்முனையில் ஒரு பல்சக்கரம் இருக்கிறது. அதைப் பிடித்திருப்பது ஒரு போல்ட்டும் ஒரு சின்ன ஊசிமுளையும். அடியின் அதிர்ச்சி அங்கே போய்ச் சேரும். அந்தப் பல்சக்கரம் நழுவினால் வால்வும் தீப்பொறியும் நின்றுபோய் எஞ்சின் நடுவானில் செத்துவிடும். 2004-இல் அமெரிக்க விமானத் துறை, இப்படி அடிபட்ட எஞ்சின்களில் அதைக் கட்டாயம் கழற்றிப் பார்க்க உத்தரவு போட்டது.

நான் பிரித்துக்கொண்டிருந்த அன்று தம்பி ஹேங்கருக்கு வந்தான். பள்ளி அவனைக் கொஞ்ச காலம் மாணவர்களோடு பறக்க விடவில்லை. மூத்த ஆசிரியர் ஒருவர் காற்று எழும் பிற்பகல்களில் அவனை அழைத்துக்கொண்டு போய் இறக்கி இறக்கிப் பழக்கிக்கொண்டிருந்தார். சுவரோரம் சாய்த்து வைத்திருந்த புரொப்பெல்லர் அவன் கண்ணில் பட்டது. இரண்டு இதழ்களும் பின்பக்கமாக மடிந்திருந்தன. அதற்கு என்ன பொருள் என்று அவனுக்கு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. குனிந்து ஒரு நுனியை விரலால் தடவினான்.

“அப்ப திராட்டில் நான் குடுக்கவே இல்லையாண்ணே?”

“கையை அதுமேல வச்சிருந்தே. தள்ளினதா எஞ்சின் சொல்லல.”

குடுத்திருந்தால் நல்லதா என்பது வேறு பேச்சு. பள்ளியில் இதைப் பற்றி இரண்டு கட்சி இருந்தது. என் கருத்தை யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். விமானம் ஒரு பக்கம் சாய்ந்து ஓடுபாதையின் ஓரத்துக்கு வந்த பிறகு முழுத் திராட்டில் குடுத்தால் அதே மணலுக்குள் இன்னும் வேகமாகப் போயிருப்போம். அதற்கு இரண்டு விநாடி முன்னால் அது உதவியிருக்கும். அந்த இரண்டு விநாடியில் அவன் பயணம் முடிந்துவிட்டதாக நினைத்திருந்தான்.

பணியகத்துக்கு அவன் அனுப்பிய அறிக்கையின் நகல் பையில் இருந்தது. எடுத்து என் வேலை மேசையில் எண்ணெய் படாத ஒரு மூலையில் வைத்து, திராட்டில் பற்றிய வரியை அடித்தான். பக்கத்தில் எழுதினான். கைச்சக்கரத்தைப் பிடித்திருந்ததாகத்தான் தனக்கு நினைவு, வலது இருக்கையில் இருந்தவர் அது நேரானதைப் பார்த்திருக்கிறார், அவர் சொல்வதே சரியாக இருக்கும் என்று. திருத்தத்தை அன்றைக்கே அனுப்பிவிட்டான். அனுப்பச் சொல்லி யாரும் அவனைக் கேட்கவில்லை.

பிறகு என் பக்கத்தில் வந்து நின்று, கிராங்க் தண்டின் பின்முனையில் என்ன பார்க்கிறேன் என்று கேட்டான். போல்ட்டைக் கழற்றிப் பல்சக்கரத்தை இழுத்தேன். ஊசிமுளையின் ஒரு பக்கம் லேசாக நசுங்கியிருந்தது. பூதக்கண்ணாடியை அவனிடம் கொடுத்தேன்.

“இதோட பறந்திருந்தா?”

“பறந்திருக்கும். எவ்வளவு நேரம்னு தெரியாது.”

அவன் இன்னொரு தடவை பார்த்துவிட்டுக் கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தான்.